1.3 கிராம் ஆக்சிஜன்

சென்னை கொளத்தூரில் வண்ணமீன் கடைகள் இருக்கும் தெருவில் ஒரு ஜோடி க்ளவுன் மீன் வாங்கினால், கடைக்காரர் பாலிதீன் பையில் மூன்றில் ஒரு பங்குக்குத் தண்ணீர் பிடித்து மீனை விடுவார். பைக்குள் இருக்கும் காற்றைப் பிதுக்கி வெளியேற்றுவார். பிறகு சிலிண்டர் டியூபை உள்ளே நுழைத்து ஆக்சிஜன் அடைத்து, வாயை முறுக்கி ரப்பர் பேண்ட் போட்டுக் கையில் கொடுப்பார். பையில் ஒரு லிட்டர் ஆக்சிஜன் இருந்தால் அதன் எடை சுமார் 1.3 கிராம். அந்த மீன்கள் போய்ச் சேரப்போகும் 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டியில், எல்லாக் கருவிகளும் ஒழுங்காக ஓடும் நல்ல நேரத்தில்கூட, கரைந்திருக்கும் மொத்த ஆக்சிஜன் அதே 1.3 கிராம்தான்.

கணக்கு எளிது. 27 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீர் சுமார் 8 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். உப்பு கூடினால் அந்தக் கொள்ளளவு குறையும், கடல்நீரில் 6.5 மில்லிகிராம்தான் நிற்கும். ஒரு லிட்டர் சாதாரணக் காற்றில் 270 மில்லிகிராம் இருக்கிறது, அதாவது நாற்பது மடங்கு. சும்மா நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒருவர், நான்கு அடி நீளத் தொட்டியில் இருக்கும் ஆக்சிஜன் முழுவதையும் நான்கே நிமிடத்தில் சுவாசித்துத் தீர்த்துவிடுவார். பவளத் தொட்டி தினக்கூலியில் ஓடும் குடும்பம். வருவது வந்துகொண்டே இருந்தால் செழிப்பாகத் தெரியும்; சேமிப்பு என்று ஒன்று கிடையாது.

கரண்ட் போனதும் பவளத் தொட்டி வைத்திருப்பவர்களில் பலர் முதலில் நினைப்பது விளக்கைத்தான். அதுதானே தொட்டியில் விலை உயர்ந்த பொருள், பவளமும் ஒளியில் வாழும் உயிர் என்று படித்திருக்கிறோம். அடுத்த கவலை நீரைக் குளிர்விக்கும் சில்லர், அதற்கடுத்தது ஃபில்டர். ஆக்சிஜன் கடைசியில்தான் நினைவுக்கு வரும், அதுவும் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும்போது. தொட்டியைக் கொல்லும் வரிசை இதற்குக் கிட்டத்தட்டத் தலைகீழ். ஆக்சிஜன் சில மணி நேரத்தில் காலி. வெப்பம் அரை நாளிலோ ஒரு நாளிலோ எல்லை தாண்டும். அம்மோனியா ஓரிரு நாளில் ஏறும். விளக்கு இல்லாமல் பவளங்கள் பல நாள் தாங்கும். புயல் கடந்து போன பிறகு கடலிலும் வாரக்கணக்கில் கலங்கல் நிற்கிறது. பவளப் பாறை அதற்காகச் செத்துவிடுவதில்லை.

தண்ணீருக்குள் ஆக்சிஜன் தானாகப் பரவுவது நம்பவே முடியாத அளவுக்கு மெதுவானது. காற்றில் பரவும் வேகத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். துளி அசைவும் இல்லாத நீரில், மேற்பரப்பில் நுழைந்த மூலக்கூறு பரவலை மட்டும் நம்பி அரை மீட்டர் ஆழத்துக்கு வந்து சேரச் சராசரியாக ஒன்றரை, இரண்டு வருடம் ஆகும். நிஜத் தொட்டியில் அந்த அளவு அசைவின்மை இருக்காது. மீன் நீந்துகிறது, ஆவியாதலால் குளிர்ந்த மேல்நீர் கீழே இறங்குகிறது, கொஞ்சம் கலக்கிறது. ஆனால் அது போதாது. வேவ் மேக்கர் ஓடும்போது நாம் பார்க்கும் நீரோட்டத்தின் முதல் வேலை, ஆக்சிஜன் தீர்ந்துபோன அடிநீரை மேலே கொண்டுவந்து காற்றிடம் காட்டுவது. ஏர் பம்ப்பும் அப்படித்தான். குமிழிக்குள் இருக்கும் காற்று கரைந்துதான் மீன் பிழைக்கிறது என்று பலரும் நம்புகிறார்கள். வீட்டுத் தொட்டியின் ஆழத்தில், குமிழி மேலேறும் ஒன்றிரண்டு நொடியில் கரைவது கொஞ்சம். குமிழிகள் தண்ணீரை இழுத்துக்கொண்டு மேலேறி மேற்பரப்பை உடைப்பதில்தான் பெரும்பங்கு பயன்.

எவ்வளவு நேரம் கிடைக்கும்? மீன், பவளம், பாறைக்குள்ளும் மணலுக்குள்ளும் இருக்கும் பாக்டீரியா எல்லாம் சேர்ந்து மணிக்கு 0.2 கிராம் ஆக்சிஜன் எடுக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். 2004இல் நில்சன் தம்பதியர் ஆஸ்திரேலியாவின் லிசார்ட் தீவில், பெருந்தடுப்புப் பவளத்திட்டின் 31 மீன் இனங்களைச் சோதித்தார்கள். நிறைவளவில் 20 முதல் 30 சதவீதம்வரை ஆக்சிஜன் இறங்கினாலும் அவை சுவாசத்தை ஒருவாறு சமாளிக்கின்றன என்று கண்டார்கள். எனவே 30 சதவீதத்தையே எல்லையாக எடுத்துக்கொண்டால், 1.3 கிராமில் 0.9 கிராம்தான் செலவழிக்க இருக்கிறது. நாலரை மணி நேரம். மேற்பரப்பு கொடுக்கும் சொற்பத்தையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம். மீன் நெருக்கடியாக இருக்கும் தொட்டியில் இதில் பாதிகூடக் கிடைக்காது. டேங், ஆந்தியாஸ் போல ஓயாமல் நீந்தும் மீன்கள்தான் முதலில் மேலே வந்து திணறும். பவளக் கிளைகளுக்குள் ஒடுங்கிக் கிடக்கும் சின்னஞ்சிறு கோபி மீன்கள் அலட்டிக்கொள்ளாது; லிசார்ட் தீவு ஆய்விலேயே அவை வெகு குறைந்த ஆக்சிஜனிலும் தாக்குப்பிடித்தன. ஏன் என்பதற்கு விடை பவளத்தின் இரவில் இருக்கிறது.

பகலில் பவளத்தின் திசுவுக்குள் வாழும் நுண்பாசிகள் ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜனைப் பொங்கவிடுகின்றன. பவளத்தின் தோலை ஒட்டிய மெல்லிய நீர்ப்படலத்தில் அப்போது நிறைவளவைத் தாண்டியும் ஆக்சிஜன் இருக்கும். விளக்கு அணைந்த சில நிமிடங்களில் கதை மாறுகிறது. பாசியும் பவளமும் இரண்டும் சுவாசிக்கின்றன, உற்பத்தி நின்றுவிட்டது. சுற்றியுள்ள நீர் நகராவிட்டால் அந்தப் படலத்தில் ஆக்சிஜன் பூஜ்யத்தை நெருங்கிவிடும். தலைமுடியைவிட மெல்லிய மின்முனைகளைப் பவளத்தின் மேல் வைத்து இதை அளந்திருக்கிறார்கள். ஒரு சென்டிமீட்டர் தள்ளி நல்ல நீர் இருக்கும்போதே பவளம் மூச்சுத் திணறும். தன் உடல்மேல் உள்ள நுண்ணிழைகளைத் துழாவிப் பவளம் கொஞ்சம் சுழல் உண்டாக்கிக்கொள்கிறது என்று 2014இல் தெரியவந்தது. ஆனால் அது ஒரு மில்லிமீட்டர் அளவிலான முயற்சி.

செங்கடலின் எய்லாத் கரையில் இஸ்ரேலிய ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்ட ஒரு கண்டுபிடிப்பு எனக்கு மிகவும் பிடித்தது. டாம்செல் மீன்கள் இரவில் கிளைப்பவளத்துக்குள் போய்த் தூங்குகின்றன. தூங்கும்போதும் அவற்றின் துடுப்புகள் நிற்பதில்லை. பகலைவிட வேகமாகவே அடித்துக்கொள்கின்றன. ஒரே இடத்தில் நின்றபடி விசிறுவதால் கிளைகளுக்கு இடையில் தேங்கிய நீர் வெளியேறிப் புதுநீர் வருகிறது, பவளம் மூச்சு விடுகிறது. க்ளவுன் மீனும் தன் கடல் சாமந்திக்கு இதே சேவையைச் செய்கிறது என்று 2013இல் காட்டினார்கள். இரண்டும் சேர்ந்திருக்கும்போது, தனித்தனியாக எடுக்கும் ஆக்சிஜனின் கூட்டுத்தொகையைவிட அதிகமாக எடுக்கின்றன. நமது தொட்டியில் அந்த வேலையைப் பத்து வாட் மோட்டார் ஒன்று செய்கிறது. கரண்ட் போனால் நின்றுவிடுவது அதுதான்.

ஆகவே எஞ்சியிருக்கும் மின்சாரத்தை எதற்குக் கொடுப்பது என்ற கேள்விக்கு ஒரே பதில்: நீரை அசைக்கும் பொருளுக்கு. ஒரே ஒரு வேவ் மேக்கர், அதுவும் மேற்பரப்பு நன்றாகச் சலசலக்கும்படி மேல்நோக்கித் திருப்பி வைத்தது. நுரையோடு கழிவைப் பிரிக்கும் ஸ்கிம்மர், ரிட்டர்ன் பம்ப், விளக்கு, யூவி எல்லாம் அணையட்டும்.

தமிழ்நாட்டு வீடுகளில் இன்வெர்ட்டர் இருப்பதால் இதில் நமக்கு ஒரு சாதகம் உண்டு, ஒரு பொறியும் உண்டு. வழக்கமான 150 ஆம்பியர்-மணி, 12 வோல்ட் பேட்டரியில் தாளில் 1,800 வாட்-மணி இருக்கிறது. பேட்டரியின் ஆயுளைக் கெடுக்காமல் பாதியை எடுக்கலாம் என்றால் 900. மூன்று பழைய சீலிங் ஃபேன் சுற்றினால் நான்கு மணி நேரத்துக்குள் அது காலி. ஃபேனை நிறுத்திவிட்டு 10 வாட் வேவ் மேக்கரை மட்டும் ஓட்டினால் 90 மணி நேரம் வரும் என்று கணக்குப் போடத் தோன்றும். வராது. 12 வோல்ட்டை 230 ஆக மாற்றும் வேலைக்காக இன்வெர்ட்டர் தன் சொந்தச் செலவுக்கே 15, 20 வாட் எடுத்துக்கொள்கிறது. மோட்டார் குடிப்பது பத்து, அதற்குப் பரிமாறுபவர் குடிப்பது இருபது. 90 மணி 30 மணியாகச் சுருங்கிவிடுகிறது. இதில் இன்னொரு வேடிக்கை: இன்றைய டிசி வேவ் மேக்கர்கள் அந்த 230 வோல்ட்டைத் தங்கள் அடாப்டரில் திரும்பவும் 12க்கோ 24க்கோ இறக்கித்தான் ஓடுகின்றன. இடையிலிருக்கும் இரண்டு மாற்றங்களையும் தவிர்த்து, 12 வோல்ட் மோட்டாரை ஃபியூஸ் போட்ட வயரில் தனியாக ஒரு பேட்டரியிலிருந்து நேரடியாக ஓட்டுவதே நீண்ட கரண்ட் கட்டுக்கு ஏற்ற வழி. 24 வோல்ட் மோட்டார் என்றால் ஒரு சிறிய பூஸ்ட் கன்வெர்ட்டர் வேண்டும். இதை மழை நாளில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு முதன்முறையாகச் செய்து பார்க்கக் கூடாது. நல்ல நாளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மெயினை அணைத்து, எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று கடிகாரம் வைத்துப் பார்த்துவிட வேண்டும்.

அதற்கும் வசதியில்லாதவர்களுக்கு யூஎஸ்பி ஏர் பம்ப் இருக்கிறது. ஒன்று, ஒன்றரை வாட்டில் ஓடும். 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் என்று பெட்டியில் போட்டிருப்பது உள்ளேயிருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு, அதாவது 74 வாட்-மணி. இழப்பு போகக் கையில் கிடைப்பதில் ஒரு நாளுக்கு மேல் ஏர் ஸ்டோன் குமிழி விடும். ஆனால் பல பவர் பேங்குகள் இவ்வளவு குறைவாக மின்சாரம் போனால், ஃபோன் சார்ஜ் ஏறி முடிந்துவிட்டது என்று நினைத்துத் தானாக அணைந்துவிடும். நாம் தூங்கிய பிறகுதான் அணையும். வாங்கும் நாளிலேயே பம்ப்பை மாட்டி ஒரு மணி நேரம் விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஒன்றுமே இல்லையென்றால் ஒரு செம்பு போதும். தொட்டி நீரை மொண்டு ஓரடி உயரத்திலிருந்து ஊற்றினால் மேற்பரப்பு உடைந்து காற்று உள்ளே போகும். மணிக்கொரு தடவை ஐந்து நிமிடம் மொண்டு ஊற்றியே ஒரு ராத்திரியைக் கடத்தியவர்கள் உண்டு. வீட்டில் ஆள்பலம் இருந்தால் முறை போட்டுக்கொள்ளலாம். தொட்டியின் கண்ணாடி மூடியைக் கழற்றிவிட வேண்டும். புயலுக்குப் பயந்து எல்லா ஜன்னலையும் அடைத்த அறையில் நாலு பேர் உட்கார்ந்திருந்தால் அறையில் கார்பன் டை ஆக்சைடு ஏறும், தொட்டியின் பிஎச் இறங்கும். மழைச்சாரல் படாத பக்கத்து ஜன்னல் ஒன்றாவது திறந்திருக்கட்டும்.

பெரிய ஜெனரேட்டர் இருந்தால் கவலையில்லை என்று நினைப்பவர்களுக்கு நியூ ஆர்லியன்ஸ் கதையைச் சொல்ல வேண்டும். 2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா சூறாவளி தாக்கியபோது மிசிசிப்பி கரையில் இருந்த ஆடுபான் மீன் காட்சியகத்தின் கட்டடத்துக்குப் பெரிய சேதமில்லை. காற்றையும் வெள்ளத்தையும் தாங்கிவிட்டது, ஜெனரேட்டரும் ஓடியது. நகரத்தின் நிலைமை மோசமாகி ஊழியர்கள் வெளியேற வேண்டி வந்த நாட்களில் ஜெனரேட்டர் நின்றுபோனது. காட்சியகத்தில் இருந்த ஆயிரக்கணக்கான மீன்களில் பெரும்பாலானவை செத்தன. பிழைத்தவற்றில் குறிப்பிடத்தக்கவை பென்குயின்கள், கடல் நீர்நாய்கள், ஒரு பெரிய பச்சை ஆமை. இவை மூன்றும் நீருக்கு மேலே மூக்கை நீட்டிக் காற்றைச் சுவாசிப்பவை. பென்குயின்களையும் நீர்நாய்களையும் கலிபோர்னியாவின் மான்டரே பே காட்சியகத்துக்கு அனுப்பிவைத்தார்கள். அடுத்த வருடம் மே மாதம்தான் கதவு திறந்தது. 2012 அக்டோபரில் சாண்டி புயலின்போது நியூயார்க் கோனி ஐலண்டில் இருந்த காட்சியகத்துக்குள் கடலே புகுந்தது. அங்கே ஊழியர்களில் ஒரு குழு உள்ளேயே தங்கியிருந்தது. பம்ப்புகளைத் திரும்ப ஓடவைக்கக் கைகள் இருந்தன. பெரும்பாலான உயிர்கள் தப்பின. இத்தனைக்கும் பொருள் சேதம் நியூயார்க் காட்சியகத்தில்தான் அதிகம்.

வீட்டு ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் அதை வீட்டுக்குள்ளோ, மூடிய போர்ட்டிகோவிலோ ஓட்டக் கூடாது. 2021 பிப்ரவரியில் டெக்சஸ் உறைந்தபோது குளிரால் போன உயிர்களோடு கார்பன் மோனாக்சைடால் போன உயிர்களும் சேர்ந்தன. மீனைக் காப்பாற்றப் போய் இதில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

டெக்சஸ்காரர்களுக்குத் தொட்டி குளிர்ந்துபோவது பிரச்சினை, நமக்குச் சூடேறுவது. நல்லவேளையாக நமது நீண்ட கரண்ட் கட்டுகள் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகைப் புயல்களோடு வருகின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது சென்னையின் தெற்குப் பகுதிகளில் பல இடங்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. ஆனால் அந்த வானிலையில் தொட்டி நீர் 26, 27 டிகிரியில் தானாகவே நிற்கும். சித்திரை வெயிலில் ஒரு முழு நாள் கரண்ட் போனால் அது வேறு சோதனை. பவளம் தாங்கும் எல்லைக்கும் வெளுக்கத் தொடங்கும் எல்லைக்கும் நடுவில் ஒன்றிரண்டு டிகிரிதான் இடைவெளி. ஒரு லிட்டர் பாட்டிலில் உறையவைத்த ஐஸை மூடியோடு மிதக்கவிட்டால், உருகி நீரின் சூட்டுக்கு வந்து சேரும்வரை 200 லிட்டர் தொட்டியைச் சுமார் அரை டிகிரி இறக்கும். ஒரு லிட்டர் நீர் ஆவியாகிப் போனால் இறங்குவது கிட்டத்தட்ட மூன்று டிகிரி. ஐஸ் பாட்டிலைவிட ஒரு சின்ன யூஎஸ்பி ஃபேனை நீர்ப்பரப்பில் சாய்வாக வீசவிடுவது பலன் தரும். சென்னையின் புழுக்கத்தில் ஆவியாதல் மந்தம்தான் என்றாலும் மேற்பரப்பு கலங்குவது உபரி லாபம். ஆவியான அளவுக்கு உப்பில்லாத ஆர்ஓ நீரைச் சேர்த்துவிட வேண்டும். ஐஸ்கட்டியை நேராகத் தொட்டியில் போடக் கூடாது. உப்பளவு கெடும், பவளத்தின் மேல் பட்டால் திசு பாழாகும்.

பவளம் என்றதும் சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் கல் பவளங்கள், கடல் விசிறி, கருப்புப் பவளம் எல்லாம் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்கும் யானைக்கும் பக்கத்தில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவில் உடைத்துக் கொண்டுவந்த ஒன்றை வீட்டில் வைத்துக் காப்பாற்றுவதற்கு எந்தக் கட்டுரையும் உதவக் கூடாது. காளான் பவளம், சோஆந்தஸ் போன்ற மென்மையான வகைகள், குஞ்சு பொரிப்பகத்தில் வளர்ந்த க்ளவுன் மீன் என்று ஒரு தொட்டி அழகாகவே இருக்கும். தற்செயலாக, கரண்ட் கட்டையும் இவைதான் நன்றாகத் தாங்கும்.

முதல் இரவைத் தாண்டிவிட்டால் அடுத்த எதிரி சோறு. பாவம், இருட்டில் கிடக்கிறது என்று ஒரு சிட்டிகை உணவு போடுபவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள். உண்டதைச் செரிக்க மீனுக்குக் கூடுதல் ஆக்சிஜன் வேண்டும், மிச்சத்தை அழுகவைக்க பாக்டீரியாவுக்கு இன்னும் வேண்டும். ஆரோக்கியமான மீன் மூன்று நான்கு நாள் பட்டினியை எளிதாகத் தாங்கும். நைட்ரேட்டைக் குறைக்க வோட்காவோ வினிகரோ சொட்டுச் சொட்டாக ஊற்றும் பழக்கம் உள்ளவர்கள் புயல் எச்சரிக்கை வந்த அன்றே அதை நிறுத்திவிட வேண்டும். அது பாக்டீரியாவுக்குப் போடும் விருந்து. விருந்துண்ட பாக்டீரியா முதலில் தீர்ப்பது ஆக்சிஜனை. செத்த நத்தையையோ கரைந்துகொண்டிருக்கும் கடல் சாமந்தியையோ கண்டால் தயவு பார்க்காமல் எடுத்துவிடுங்கள்.

கரண்ட் போகும் அந்த நொடியில் சம்ப் என்ற கீழ்த்தொட்டி வைத்த தொட்டிகளில் ஒரு சின்ன நாடகம் நடக்கும். ரிட்டர்ன் குழாயின் வாய் நீருக்குள் மூழ்கியிருந்தால், பம்ப் நின்றதும் அதே குழாய் சைஃபனாகி மேல்தொட்டி நீரைக் கீழே இறக்கத் தொடங்கும். அதைத் தடுக்கத்தான் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே குழாயில் ஒரு சின்ன ஓட்டை போடுகிறோம். மட்டம் ஓட்டைக்கு இறங்கியதும் காற்று உள்ளே போய் சைஃபன் அறுந்துவிடும். அந்த ஓட்டைக்குள் ஒரு குட்டி நத்தை வசதியாகக் குடியேறியிருந்தால் ஹாலில் இருபது லிட்டர் உப்புநீர். மாதம் ஒருமுறை பல்குத்தும் குச்சியால் ஓட்டையைக் குத்திவிடுவது இந்தப் பொழுதுபோக்கிலேயே செலவில்லாத பராமரிப்பு.

கேனிஸ்டர் ஃபில்டர் வைத்திருப்பவர்களுக்குத்தான் கரண்ட் திரும்பி வரும் நேரமும் ஆபத்து. மூடிய டப்பாவுக்குள் கோடிக்கணக்கான பாக்டீரியா நீரோட்டத்தை நம்பி வாழ்கின்றன. ஓட்டம் நின்றதும் அந்த ஓரிரு லிட்டர் நீரில் உள்ள ஆக்சிஜன் வெகுசீக்கிரம் தீரும். அழுக்கு சேர்ந்த ஸ்பாஞ்சில் நல்ல பாக்டீரியா மடியும். ஆக்சிஜன் வேண்டாத வகை தலையெடுக்கும். அழுகிய முட்டை வாசமடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு உருவாகும். இரண்டு நாள் கழித்து நடுராத்திரியில் கரண்ட் வந்து ஃபில்டர் தானாக ஓடினால், அந்தக் கறுப்பு நீர் முழுவதும், ஏற்கெனவே களைத்துப்போன தொட்டிக்குள் ஒரே மூச்சில் பாயும். இரண்டு நாளும் பிழைத்திருந்த மீன், கரண்ட் வந்த பிறகு சாவது இப்படித்தான். ஆகையால் சில மணி நேரத்துக்கு மேல் கரண்ட் வராது என்று தெரிந்தால் கேனிஸ்டரைப் பிளக்கிலிருந்து பிடுங்கி, திறந்து, ஸ்பாஞ்சையும் பீங்கான் வளையங்களையும் ஒரு கூடையில் போட்டுத் தொட்டியிலேயே வேவ் மேக்கருக்கு முன்னால் தொங்கவிடலாம். ஹீட்டர், சில்லர் பிளக்குகளும் வெளியே இருக்கட்டும். சம்ப்பில் நீர்மட்டம் மாறி ஹீட்டர் காற்றில் நின்றால், கரண்ட் வந்ததும் கண்ணாடி வெடிக்கும்.

கரண்ட் வந்ததும் முதலில் வேவ் மேக்கர், பிறகு ரிட்டர்ன் பம்ப். கால் மணி நேரம் கழித்து, சம்ப் மட்டம் நிலைத்துவிட்டது என்று பார்த்த பிறகு ஹீட்டரோ சில்லரோ. அம்மோனியா டெஸ்ட் கிட்டில் பச்சை தெரிந்தால், முன்கூட்டியே கலந்து வைத்த உப்புநீரில் கால்வாசி மாற்றலாம். அடுத்த மூன்று நான்கு நாள் தினமும் ஒருமுறை சோதிக்கலாம். விளக்கை முதல் நாள் பாதி வெளிச்சத்தில் சில மணி நேரம் மட்டும் போட்டால் போதும். ஸ்கிம்மர் ஒரு நாளைக்குக் கண்டபடி நுரைத்து வழியும். கோப்பையின் வடிகுழாயை ஒரு வாளிக்குள் விட்டுவைத்துவிட்டுப் போய்த் தூங்கலாம்.